கடுகுப் பை

திலகவதிக்கு முன்பல் ஒன்று இல்லை. கீமோ மருந்து அவளுடைய தலைமுடியையும் புருவத்தையும் கொண்டுபோனது. இடது மார்பை டாக்டரின் கத்தி கொண்டுபோனது. பல்லைக் கொண்டுபோனது மட்டும் ஷங்கரின் ஹெல்மெட். அந்தப் பல்லுக்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை.

செலண்டார் செம்பனைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், அதே வேனில் புற்றுநோய்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருந்தாள். கொஞ்சிப் பேசுகிற பழக்கமெல்லாம் அதில் கிடையாது. “ஊசி போட்டவங்களுக்குக் காய்ச்சல் வந்தா விடியட்டும்னு படுத்துக் கிடக்காதீங்க, எமர்ஜென்சிக்கு ஓடுங்க” என்பாள். “எவனாவது கேன்சர் தீரும்னு போத்தல் ஜூஸ் விக்க வந்தா என் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கிறேன்” என்பாள். அவளிடம் ஒருமுறை பேசிய வியாபாரி மறுபடி அந்தப் பக்கம் வந்ததில்லை.

எல்லாம் சரி, ஒரு பொய்யைத் தவிர. முடி கொட்டத் தொடங்கும் முன்பே பெண்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட வைப்பாள். ஊர் கேட்டால் வேண்டுதல் என்று சொல்லிவிடலாம். மொட்டையடித்தவளை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். முடி கொட்டினவள் வீட்டில் பொண்ணெடுக்க யோசிப்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவளும் அப்படித்தான் மறைத்தாள். திலகவதியின் கட்டியை முனியாண்டி சாமி கரைத்தது என்றே தோட்டம் நம்பியது. ரவிக்கைக்குள் இடது பக்கம் இருந்தது அவளே தைத்துக் கடுகு நிரப்பிய துணிப்பை என்பது யாருக்கும் தெரியாது.

பவானேஸ்வரிக்கும் அவள்தான் மொட்டை போட வைத்தாள். இரண்டு கீமோவில் பவானியின் மார்புக்கட்டி பாதியாகச் சுருங்கியது. அவள் புருஷன் ஷங்கர், செம்பனைக் குலை வெட்டுகிற முரடன், சாமிதான் சுருக்கியது என்று முடிவுகட்டினான். மூன்றாவது கீமோ நாளிலேயே முனியாண்டிக்குக் கடா வெட்ட ஏற்பாடு செய்தான். அன்று காலை திலகவதியின் போனுக்குப் பவானியின் குரல் வந்தது. “அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவக்கூடாதுன்னு அடிக்கிறாருக்கா.”

வேன் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது கடாவின் தலை தனியாகக் கிடந்தது. உடல் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள் பவானி. அவளுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“பவானி, ஏறு. நேரமாச்சு” என்றாள் திலகவதி.

ஷங்கர் குறுக்கே வந்தான். “அவ வரமாட்டா. இனிமே எதுக்கு அந்த வெஷம்? நீங்களே மொட்டை போட்டுத்தானலா பொழைச்சீங்க? தோட்டத்துக்கே தெரியும்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. பவானியின் கையைப் பிடித்து இழுத்தாள். ஷங்கர் மறு கையைப் பிடித்து இழுத்தான். திலகவதி அவன் முழங்காலில் ஓங்கி உதைத்தாள். அவன் மோட்டாரில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து அவள் வாயில் வீசினான். பல் தெறித்தது. தடுக்க வந்த பவானியைக் கீழே தள்ளி, இடுப்பில் மிதித்தான். சுற்றி நின்ற ஆம்பிளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

திலகவதி ரவிக்கைக்குள் கைவிட்டுத் துணிப்பையைப் பிடுங்கி அவன் முகத்தில் அடித்தாள். தையல் பிரிந்து கடுகு கடா ரத்தத்தில் சிதறியது.

“இதாண்டா என் மாரு” என்றாள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. “ஊசி மேல ஊசி போட்டு, கடைசில அறுத்துப் போட்டுட்டு வந்தவ நான். மொட்டை போட்டது முடி கொட்டுறத மறைக்க. வேண்டுதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இவ கட்டியச் சுருக்குனதும் ஊசிதான். பாதில விட்டா திரும்ப வளரும். செத்துருவா.”

ஷங்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடா வெட்டிய பாராங் கத்தியைத் தூக்கினான்.

பொங்கல் பானையருகே நின்ற அவன் அம்மா பெரியநாயகி நேராக வந்தாள். கடா நேர்ந்தவளே அவள்தான். கொதிக்கும் பானையிலிருந்து எடுத்த இரும்புக் கரண்டியால் மகனின் மணிக்கட்டில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கத்தி விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பெரியநாயகி மருமகளைத் தூக்கி வேனில் உட்கார வைத்தாள். பிறகு தானும் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“நீங்க எதுக்கு பெரிம்மா? நான் பாத்துக்கிறேன்” என்றாள் திலகவதி.

பெரியநாயகி திலகவதியின் கையை எடுத்துத் தன் வலது மார்பில் வைத்து அழுத்தினாள். சேலைக்கு உள்ளே கல்லாக ஒன்று தட்டுப்பட்டது.

“நீ பொழைச்சியேன்னு நானும் ரெண்டு தைப்பூசம் மொட்டை போட்டேன், திலகா” என்றாள். “கரையலையே.”

திலகவதி வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு வேனை எடுத்தாள்.