மோகன் அண்ணன் வாங்கி வைத்த பச்சை சோப்பு

பிரிக்பீல்ட்ஸ் இளைஞர் மன்ற உறுப்பினர்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் பின்கட்டுக் குழாயடியில் இருந்த பச்சை சோப்பை ஞாயிற்றுக்கிழமை முதல் காணவில்லை. துப்பறியும் பணி நடக்கிறது. யாரும் பதற வேண்டாம்.

பதற வேண்டிய செய்தியும் அதே ஞாயிறுதான் வந்தது. கேரம் போர்டில் மாவு தூவிக்கொண்டிருந்தேன். செயலாளர் ரவி அண்ணன் வாசலில் நின்றபடியே சொன்னார்: "மோகன் போயிட்டான்டா. காலையில லோரியை எடுக்கப் போறப்போ நெஞ்சு வலி." நாங்கள் கேட்காத கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்: "அது இல்லடா. ஹார்ட்தான்."

'அது' என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். சென்ற ஆண்டு ஆட்டத்தின் நடுவில் மோகன் அண்ணனே சொன்னார்: "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அஞ்சு வருஷமாச்சு. அடுத்தவன் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு நானே சொல்லிடறேன். சரி, யார் ஆட்டம்?" ஒருவனுக்கு டியூஷன் ஞாபகம் வந்தது. இன்னொருவனை அம்மா கூப்பிட்டார், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிள்ளானிலிருந்து! மறுவாரம் அவர் தொட்ட ஸ்டிரைக்கரைத் தொட ஆளில்லை. தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை எல்லோரும் நம்பினோம், இரண்டடி தள்ளி நின்று.

எதிரே உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். இது மன்றக் குறிப்பில் ஏற வேண்டும்.

"மருந்தே எடுக்கறதில்லன்னு சொல்றீங்க, எப்படிண்ணே கல்லு மாதிரி இருக்கீங்க?"

"டி செல் தம்பி."

"எங்களுக்கு டீ தெரியும், கோப்பி தெரியும். இது எந்தக் கடையில?"

சிரித்தார். "ரத்தத்துல சுத்தற காவல்காரன் தம்பி. வைரஸ் நம்ம உடம்பு செல்லுக்குள்ள பூந்து ஒளிஞ்சுக்கும். ஆனா அந்த செல்லு வைரஸோட சின்னத் துண்டை வெளியில தூக்கிக் காட்டிடும். டி செல் ஒவ்வொரு செல்லா ஒட்டித் தொட்டுப் பார்த்துட்டே போகும். அந்தத் துண்டு தட்டுப்பட்டா செல்லையே முடிச்சிடும். தள்ளி நின்னா அதுக்கு ஒண்ணும் தெரியாது லா. தொட்டாத்தான் தெரியும்."

அந்த வைரஸ் டி செல்களையே அழிக்கக்கூடியது. மருந்து எடுக்காவிட்டால் பலருக்கு அவை மெல்லத் தோற்றுவிடும். மோகன் அண்ணனைப் போன்ற வெகுசிலருக்கு மட்டும் அவை வைரஸை அடக்கியே வைத்திருக்கும். ஏன் என்று டாக்டர்களுக்கே முழுதாகப் புரியவில்லையாம். அதனால் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். "எடுக்கட்டும். என் டி செல்லு கத்துக்கிட்டது நாளைக்கு இன்னொருத்தனுக்கு உதவும் பாரு" என்பார். உதவும். அந்த ரத்தம் இன்னும் ஏதோ ஒரு குளிர்பெட்டியில் இருக்கிறது.

ஒவ்வொருவராக மற்றவர்களும் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். கடைசி மாதம் அவரோடு ஆட வரிசையே நின்றது. எல்லாம் என் தைரியத்தைப் பார்த்துத்தான் என்று செந்தூல் வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது சோப்பு. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நான் நைசாகப் பின்கட்டுக்குப் போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஒருநாள் தேய்ந்த துண்டு கிடந்த இடத்தில் முழுசாக ஒரு பச்சை சோப்பு இருந்தது. திரும்பி வந்தால், மோகன் அண்ணன் தலை நிமிராமல் காய் அடுக்கிக்கொண்டிருந்தார். "பழசு தேஞ்சு போச்சு தம்பி. அதான் வாங்கி வெச்சேன். வா, உன் ஆட்டம்."

அதற்குப் பிறகும் இரண்டு முறை கழுவினேன். மூன்றாவது முறைதான் விட்டேன்.

சோப்பை எடுத்தவன் நான்தான். அதிகம் கரையாமல் அப்படியே இருக்கிறது. திருப்பித் தர மாட்டேன்.