அபேண்டன் என்ற வார்த்தைக்கு ஒரு வாக்கியம்

பிரான்சில் இந்தத் துலோன் நகரத்து ரொட்டிக்கடைக்காரி என்னைக் கண்டாலே குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து உடைத்துப் பேசுவாள். அவளைவிடத் திருத்தமான பிரெஞ்சில் நான் ரொட்டி கேட்டால், "அட, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று வியப்பாள். புதுச்சேரியில் என்பேன். "அது இந்தியாதானே? அப்படியானால் உங்கள் பாஷை ஆங்கிலம். பாவம், இங்கே கஷ்டமாக இருக்குமே" என்று பரிதாபப்படுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆங்கிலம் என்னைப் படுத்திய பாட்டை அவளிடம் எந்தப் பாஷையில் சொல்வது? ஊரில் இருக்கும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். என்னைப்போல் கப்பலேறி வந்தவர்களுக்கும் கொஞ்சம் புரியலாம்.

ஐம்பத்து நான்கில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது, நெல்லித்தோப்பில் ஒரு பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். தெருவே என்னை மரியாதையாக மதாம் என்று கூப்பிடும். சில வருஷங்களில் பிரெஞ்சு வகுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே நான் வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டேன்.

வேலை போனால் ஊரும் போய்விடும். என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். பிரான்சுக்குப் போய்விடலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அம்மா எங்களோடுதான் இருந்தாள். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்கே வருவாள். அவளைக் கப்பலில் ஏற்றுவது நடக்காத காரியம். "நீ பாஸ் பண்ணிட்டா உன் சம்பளமும் என் பென்ஷனும் போதும், இங்கியே இருந்துடலாம்" என்று ஒருநாள் அவர் வாயாலேயே சொன்னார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

விழுப்புரத்திலிருந்து எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த சரோஜா டீச்சர், மாலையில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார். கடினமான வார்த்தைகளைக் கொடுத்து வாக்கியத்தில் அமைக்கச் சொல்வதுதான் அந்தப் பரீட்சையில் பெரிய கண்டம். நான் அர்த்தங்களைக் கடகடவென்று ஒப்பித்தேன். "அர்த்தம் தெரிஞ்சா பத்தாது மதாம். உங்க வாழ்க்கையில ஒரு எடத்துல அந்த வார்த்தைய வச்சுப் பாருங்க, அப்பதான் ஒட்டும்" என்றார் டீச்சர். எனக்குப் பெரிய வார்த்தைகளிடம் பயமில்லை. "இதுல பாதி எங்க பிரெஞ்சுதான் டீச்சர், வேஷம் மாத்திக்கிட்டு வந்து நிக்குது" என்று சிரித்தேன். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் என் கணவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அரசன், நரி, வேட்டைக்காரன் என்று பொய்யாக வாக்கியம் கட்டினேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பிறகு டீச்சர் சொன்னபடி என் வயிற்றெரிச்சலையே எடுத்து வைத்தேன். அபேண்டன்: ஐ வில் நாட் அபேண்டன் மை மதர். அம்மாவைக் கைவிட மாட்டேன். சாலிட்யூட்: ஐ ஃபியர் த சாலிட்யூட் ஆஃப் ஃபிரான்ஸ். பிரான்சின் தனிமைக்கு அஞ்சுகிறேன். செபரேஷன்: திஸ் செபரேஷன் இஸ் க்ரூவல். இந்தப் பிரிவு கொடுமை. தமிழில் கணவர் முகத்துக்கு நேரே சொல்ல நா எழாததெல்லாம் ஆங்கிலத்தில் தாராளமாக வந்தது. நான் சொல்லி முடித்ததும் நாற்காலியிலிருந்து அவர் "பிராவோ!" என்பார். பட்டாளத்து மனுஷனுக்கு ஆங்கிலம் தெரியாது, பிரெஞ்சிலும் உத்தரவு போடுகிற வார்த்தைகளுக்கு மேல் என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

தேறிவிட்டேன். செய்தி தெரிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, "என்னங்க, பாஸ் பண்ணிட்டேன்!" என்று கத்தினேன். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"பிரான்சு கப்பலுக்கு டிக்கெட் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

"அன்னைக்கி என்ன சொன்னீங்க? பாஸ் பண்ணிட்டா இங்கியே இருந்துடலாம்னு சொன்னீங்களே!"

"நீ பாஸ் பண்ணிட்ட. எனக்கு யாரு பரீட்ச வைக்கிறா? எந்த ஆபீசுக்குப் போனாலும் இங்கிலீஷ்ல கேக்கறான், முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். அங்க போனா ஒரு மனுஷனா நிப்பேன்."

"அம்மாவ விட்டுட்டு எப்படிங்க வருவேன்? என் மனசுல இருக்கறது உங்களுக்குக் கொஞ்சங்கூடப் புரியலியா?"

"புரியாம என்ன? பெரிய வார்த்தையெல்லாம் பிரெஞ்சுதான்னு நீதான டீச்சர்கிட்ட சொன்ன? அபாந்தொனே, சொலித்யூத், செபராசியோன்... தெனமும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு பிராவோ சொன்னீங்க?"

"வேற என்னத்த சொல்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறுபத்திரண்டில் பம்பாய் போய்க் கப்பலேறினோம். புரியாத மனிதர் இழுத்துக்கொண்டு வந்தார் என்றால் விதியே என்று ஆறிப்போயிருப்பேன். புரிந்துகொண்டே கூட்டிவந்தாரே, அதுதான் தாங்கவில்லை. அவர் ஊரில் பட்ட அவமானமும் எனக்குத் தெரியும் என்பதால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. இங்கே துறைமுகத்தில் காவல் வேலை கிடைத்து நிமிர்ந்து நடக்கிறார். நாங்கள் உப்பு, கரி, வாடகை பற்றிப் பேசிக்கொள்கிறோம். மூன்று பாஷை தெரிந்தவள் வாயில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அம்மா இப்போது அண்ணன் வீட்டில். நான் எடுத்துச் சொல்லித்தான் புறப்பட்டேன், கேட்டுத் தலையாட்டினாள். இப்போது ஒன்றும் நினைவில்லையாம். பொழுது சாய்ந்தால், நான் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "இஸ்கோல் விட்டாச்சா?" என்று கேட்கிறாளாம். "இன்னும் விடலம்மா" என்று அண்ணன் தினமும் பதில் சொல்கிறாராம்.