கூட அழுதவள்

நான் அஞ்சாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து கோணும், ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் இருந்த மகன் வீட்டுக்குப் போன அன்று, எதிர்வீட்டிலிருந்து எண்ணெயில் பூண்டு சிவக்கும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. தொண்ணூற்றைந்தோ ஆறோ. பேசவும் ரோட்டைக் கடக்கவும் சிறுபிள்ளைபோல் மறுபடி பழகிய காலம் என்பதால், அதையும் என் இளமைக்காலத்தோடேயே சேர்த்து வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி பெயர் பிலோமினா. தூத்துக்குடிப் பக்கம் எங்களுக்குப் பழகிய பெயர், அதனால் கூச்சம் கொஞ்சம் விட்டது. மூத்தவள் என்று "அக்கா" என்றே கூப்பிட்டேன்.

இத்தாலியில் படங்களில் நடித்தவள். தையல்காரர் மகள், பத்தொன்பது வயதில் ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், சவப்பெட்டி மேல் விழுந்து அழ வேண்டியவள் வராததால், நரைத்த கிழவிபோல் தெரிய இவள் தலையில் மாவைத் தூவி அழச் சொன்னார்களாம். அன்று தொட்டு முப்பது வருஷம் விதவை, வேலைக்காரி, மாமியார், கன்னியாஸ்திரீ. ஒரு படத்திலும் மணப்பெண் இல்லை, எதிலும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் இல்லை. "ஹீரோயின் அழுதா மூக்கு சிவக்கக் கூடாது, நான் அழுதா மூக்கு ஒழுகணும்" என்று அவள் சொன்னதை மருமகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் என் பெரியக்கா இறந்துபோனாள். தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவள். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டு நடுவில் நாட்டைவிட்டுப் போனால் அது கெட்டுவிடுமாம், அதனால் நான் போக முடியவில்லை. எங்கள் பக்கம் சாவென்றால் "மாரடிச்சு" அழ வேண்டும், கழுத்தைக் கட்டிக்கொண்டு கூட அழ ஒரு பொம்பளையாவது வேண்டும். இல்லாவிட்டால் போனவள் அநாதை என்பார்கள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அத்தை, சத்தமா அழுதிராதீங்க, சுவரு மெல்லிசு, யாராச்சும் போலீஸக் கூப்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் ரொட்டி கொடுக்க வந்த பிலோமினா, விளக்கு முன்னால் இருந்த அக்கா படத்தையும் என் வாயையும் பார்த்தாள். தலைப்பை உருவி எடுத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்தாள் பாருங்கள், எங்கள் ஊர்க்காரிகள் தோற்றார்கள். "என்னப் பெத்த அக்கா" என்று நான் ஆரம்பிக்க, அவள் தன் பாஷையில் பின்பாட்டுச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

போலீஸ் வந்தே விட்டது. நான் தலைப்பை மறுபடி வாயில் திணித்துக்கொண்டேன். பிலோமினா மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து ஏதோ சொன்னாள். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள், விட்ட இடத்திலிருந்து அழுதோம். சாயங்காலம்தான் மருமகள் விசாரித்துச் சொன்னாள்: "நாங்க ரிகர்சல் பண்றோம், இவங்கதான் ஹீரோயின், நான் கூட அழறவள்னு சொன்னாங்களாம் அத்தை!"

இன்று அந்தக் கட்டடமும் இல்லை, பிலோமினாவும் இல்லை. அவள் நடித்த ஒரு படத்தை மகன் தேடிப் போட்டுக் காட்டினான். ரெண்டு நிமிஷம், மூக்கு ஒழுகத்தான் அழுகிறாள். கடைசியில் பெயர்கள் வேகமாக ஓடுகின்றன, எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. அந்தப் பாஷை தெரிந்த யாராவது மகனிடம் படத்தை வாங்கிப் பார்த்து, அவள் பெயர் வருகிறதா என்று சொல்லுங்கள். வராவிட்டால், நான் முதலில் சொன்ன வருஷம் தப்பாயிருந்தால் அதையும் திருத்தி, நான் எழுதிய இதன் கடைசியிலாவது அவள் பெயரைப் போட்டுவிடுங்கள்.