முழங்கை அளவுத் தண்ணீர்

மகளைக் குளிப்பாட்டும் தண்ணீரை நான் மூன்று முறை சோதிக்கிறேன். முதலில் விரல். பிறகு தொட்டியில் மிதக்கும், வாத்து வடிவத்தில் செய்த தெர்மாமீட்டர். அது காட்டும் எண்ணிலும் நம்பிக்கை வராமல், கடைசியாக முழங்கையை நனைத்துப் பார்ப்பேன். மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இப்படிக் குனியும்போதெல்லாம் ஒரு மீன்குளக் கரையும், அங்கே என்னோடு வேலை பார்த்த அக்காவும் நினைவுக்கு வருகிறார்கள். அன்பினால் என்று எழுத ஆசைதான். பொறாமையினால் என்பதே சரி.

என் திருமணத்துக்கு முன், மைசூருக்கு வெளியே விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பண்ணையில் நாங்கள் இருவரும் தற்காலிக ஊழியர்கள். நான் விலங்கியல் பட்டதாரி. அக்கா தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரர், பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கணவரின் கட்டட வேலைக்காக நகரின் ஓரத்தில் குடியிருந்தார். பண்ணைக்கு ஒரே போர்வெல். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம்தான் ஓடும். அந்தத் தண்ணீரைப் பங்கிட்டு ஆளுக்கொரு மீன்குளமும் ஆளுக்கு நான்கு பாத்தி கத்தரியும் வளர்த்துக் காட்ட வேண்டும். யார் குறைந்த தண்ணீரில் நன்றாகச் செய்கிறாரோ அவருக்கே நிரந்தர வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஒருவர் குளத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி.

நான் குளத்தைச் சுத்தமாக வைத்திருந்தேன். தண்ணீர் லேசாகப் பச்சை கட்டினாலே ஒரு பங்கை வாய்க்காலில் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவேன். கத்தரிக்கு மிச்சம் இருக்காது. அக்கா பச்சையை விரட்டவே இல்லை. காலையில் குளத்துக்குள் கையை நேராக நீட்டுவார். முழங்கை நனையும்போது உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் போதும், மீனுக்குத் தீனி இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே மறைந்தால் பச்சை மிஞ்சிவிட்டது. அன்று குளத்தின் அடியில் கிடக்கும் கழிவுத் தண்ணீரைப் பழைய கொசுவலை சுற்றிய குழாயால் உறிஞ்சிக் கத்தரிக்குப் பாய்ச்சுவார். எடுத்த அளவுக்கு மட்டும் போர் தண்ணீர் விடுவார். அவருடைய பாத்திகளுக்கு உரமும் அதுவே, பாசனமும் அதுவே.

நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா. "டீச்சரம்மா, மீனுக்குப் பசிக்குதுங்க. நீங்க தட்டைக் கழுவிக் கழுவி வெக்கிறீங்க, சோத்தைத்தான் காணோம்" என்பார். சிரிப்பேன். இரண்டாம் மாதம் வலை போட்டுப் பார்த்தபோது அவருடைய கட்லா மீன் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. மேலாளர் கத்தரிச் செடிகளைக் காட்டி என்னிடம், "நோடி மேடம், ஒந்தே நீரு, எரடு கெலஸா" என்றார். ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை. அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த முறையைப் புத்தகத்தில் நான் படித்திருந்தேன். படித்ததை நம்பும் துணிச்சல்தான் எனக்கு இல்லை. அவர் ஒருமுறை கையை விட்டுப் பார்த்தால் முடிவெடுத்துவிடுவார். நான் அளந்து, எழுதி, அடித்து, மறுபடி அளப்பேன்.

பச்சைக் குளத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. நாலைந்து நாள் வெயில் இல்லாமல் மூடிக் கிடந்தால் விடியும்போது தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்துவிடும். அதனால் மேகமூட்டமான நாட்களில் அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்து, தண்ணீரை வாரி இறைக்கும் சின்ன மோட்டாரைப் போட்டுவிடுவார். அப்படியொரு காலை ஆறரைக்கு நான் பண்ணைக்குப் போனபோது அவர் வரவில்லை. அவருடைய மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுவிட்ச் இருந்த கம்பத்தின் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்தியிருந்தேன். கையில் போன் இருந்தது. அடுத்தவர் குளத்தில் கை வைக்கக் கூடாது என்ற விதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று எந்த விதியும் இல்லை. அதையும் செய்யவில்லை.

ஏழேகாலுக்கு அக்கா ஓடி வந்தார். இடுப்பில் இரண்டு வயது மகள், காய்ச்சலில் துவண்டு தோளில் சாய்ந்திருந்தாள். குளத்தைப் பார்த்ததும் குனிந்து என் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை அதன்மேல் உட்கார வைத்தார். "புடிச்சுக்கங்க" என்று சுவிட்சைத் தட்டினார். தண்ணீருக்குள் இறங்கியபடியே, "எப்ப வந்தீங்க டீச்சரம்மா?" என்றார்.

"இப்பத்தான்க்கா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பெரிய மீன்கள்தான் முதலில் செத்தன. கூடை கூடையாக அள்ளினோம். நானும் அள்ளினேன். மாதக் கடைசியில் வேலை எனக்கு நிரந்தரமானது. அக்கா கணவரோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

போன மாதம் என் மகளைப் பார்க்க வந்திருந்தார். ஊரில் மாமனார் நிலத்தில் குளம் வெட்டி மீனும் கத்தரியும் போட்டிருக்கிறாராம். சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு பை நிறையக் கத்தரிக்காயை என் சமையலறையில் வைத்துவிட்டு, "குடுங்க, நான் தண்ணி வாக்குறேன்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். ஒரே ஒருமுறை முழங்கையை நனைத்தார். அவ்வளவுதான். என்னிடம் தினமும் வீறிடும் குழந்தை அவர் காலில் படுத்துச் சிரித்தது. தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கும் மனநிலை அதுவல்ல. ஆனால் அப்போதுதான் வாயில் வந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் ஆறரைக்கே வந்துட்டேன்."

"தெரியுமுங்க." குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "புள்ளைய உக்கார வெக்கறதுக்கு முன்னால, கால் சுட்டுருமோன்னு உங்க வண்டி சைலன்சரைத் தொட்டுப் பாத்தேன். சில்லுனு கெடந்துச்சு."

"ஏன்க்கா ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டேனே. இப்பத்தான்னு சொன்னீங்க." குழந்தையைக் குப்புறத் திருப்பி முதுகில் தண்ணீர் ஊற்றினார். "புள்ளைக்கு அனலாக் கொதிக்குது, அங்க மீனு செத்துட்டிருக்குது. உங்ககூடச் சண்டை புடிக்க எனக்கு எங்கங்க நேரம்? அப்பறம் கேக்கலாம்னு இருந்தேன். கேட்டா அழுதுருவீங்கன்னு விட்டுட்டேன். துண்டை எடுங்க, புள்ளைக்குக் குளுருது."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். அழத்தான் செய்தேன். ஆனால் அந்த அழுகைக்குள்ளும் ஒரு மூலையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குளம் அப்படிக் கிடக்கும்போது, குழந்தையின் கால் சுடுமே என்று எனக்குத் தோன்றியிருக்குமா? அடுத்தவர் செய்த தப்பு தெரிந்தும் இத்தனை ஆண்டுகள் என்னால் அதைச் சொல்லிக்காட்டாமல் வைத்திருக்க முடியுமா? குளம், கத்தரி, குழந்தை போதாதென்று இதிலும் அவர்தான் முந்திவிட்டார்.

மறுநாள் காலை தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். விரலை விடவில்லை. ஒரே ஒருமுறை முழங்கையை நனைத்தேன். சரியான சூடு. எனக்கே தெரிந்தது. குழந்தையைத் தூக்கித் தொட்டியின் அருகே வரை கொண்டுபோனேன். பிறகு ஒரு கையால் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாத்தைத் தேடினேன்.