நீலப் பொடி

அம்மப்பா கதிரையில் இருந்தார். அப்பா பலூன் கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அம்மா. நடுவில் சின்னம்மா, ஏழு மாத வயிற்றோடு. சின்னம்மாவின் மாமி தேற்றாத்தீவிலிருந்து வாழைக்குலையோடு வந்திருந்தார். சித்தப்பா கட்டாரில், மேசையில் சாத்திவைத்த போனுக்குள் தெரிந்தார். கடைசியாக நான். என் கையில் சின்னம்மாவின் போன்.

"எல்லாரும் பலூனத்தான் பாப்பாங்க. நீ பாக்கப்படா. எங்கட முகத்தப் புடி," என்று சின்னம்மா சொல்லியிருந்தார்.

ரோஸ் பொடி கொட்டினால் பெண். நீலம் என்றால் ஆண். ஸ்கான் துண்டைப் பிரிக்காமலே பலூன் கட்டும் பிள்ளையிடம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு. ஆண், கலியாணம் கட்டிய இடத்துக்குப் போய்விடுவான். இருந்த வீடு அம்மாவுக்குச் சீதனமாகப் போயிற்று. சின்னம்மா தானாக விரும்பிக் கலியாணம் கட்டினார். அதனால் அம்மப்பா அவருக்கு ஒன்றும் எழுதவில்லை. வாவிப் பக்கத்துப் பின்வளவு அம்மப்பாவின் பெயரிலேயே கிடந்தது. அன்று காலை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"பொட்டை எண்டா பின்வளவு அவளுக்கு. பொடியன் எண்டா அவன் போற இடத்தில அவனுக்குக் கிடைக்கும். வளவு மூத்தவட மகளுக்கு."

மூத்தவளின் மகள் நான். வளவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரு தங்கச்சி வேண்டும். சித்தப்பா அந்த வளவில் அத்திவாரம் போட மேசனிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"வயிறு கூர்ந்து கிடக்கு. பொடியன்தான்," என்றார் மாமி.

"வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரிங்க மாமி." சின்னம்மா சிரித்தார். ஊசி பிடித்த கையைப் பலூனிடம் கொண்டுபோனார்.

பலூன் வெடித்தது. நான் திரும்பவில்லை. போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். அம்மா கண்ணை மூடினார். நெஞ்சில் கை வைத்தார். உதடு சிரித்தது. பிறகுதான், "ஐயோ, பொட்டை எண்டெல்லோ நினைச்சிருந்தன்!" என்று ஓடிப்போய்ச் சின்னம்மாவைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேர் தலையிலும் நீலம்.

கேக் வெட்டியபின் எல்லாரும் கூடி வீடியோவைப் பார்த்தார்கள்.

"அக்காட முகத்த மறுகா ஒருக்காப் போடு," என்றார் சித்தப்பா.

சின்னம்மா போட்டார். அம்மா எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

"அதென்னக்கா, நெஞ்சில கை?" என்றார் சின்னம்மா.

"வெடிச்ச சத்தத்துக்குப் பயந்திட்டன்."

"பயந்தா சிரிப்பாங்களா?"

அம்மப்பா எழுந்து வாவிப் பக்கம் நடந்தார்.

சின்னம்மா அன்றைக்கே மாமியோடு தேற்றாத்தீவுக்குப் புறப்பட்டார். பிள்ளை பெறுவது தாய் வீட்டில்தான். மாமி வீட்டுக்குப் போனால் ஊர் கதைக்கும். அப்பா மறித்தார். நிற்கவில்லை.

ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினேன். "சின்னம்மா, நான் வடிவா எடுத்தனா?"

"நல்லா எடுத்திருக்காய் மகள்," என்று தலையைத் தடவினார்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன், வீடியோ எடுத்தது நான்தான் என்று.

தம்பி வளர்ந்துவிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பின்வளவின் உறுதிப் பத்திரம் என் பெயரில்.

இருபத்திரண்டு பேர்ச் காணி.