பெஞ்சில் ஆளில்லை

ஜார்ஜ் டவுன் நாசி கண்டார் சோற்றுக்கடையில் மீன்குழம்பையும் மீறித் தைலம் மணக்கிறது. என் பள்ளி மைதானம் மூக்கில் ஏறுகிறது. எதிரே, மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் கால்பந்து அணியின் பச்சைச் சட்டையில் இரண்டு ரசிகர்கள். இளையவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

“கோச்சுக்கு மூளையே இல்ல லா. ஒன்னையெல்லாம் ஆட்டத்துல எறக்குறாரு!” என்கிறார் கண்ணாடி போட்ட மூத்தவர்.

“பெஞ்சுல வேற யாருண்ணே இருந்தா? பாக்க வந்த என்னையப் புடிச்சு எறக்குனாரு.”

“மற்ற ஆட்டக்காரர்கள்?” என்று கேட்கிறேன்.

“ஷிப்ட்ல, சார். ஷிப்ட் பட்டியல் போட்டதே இந்த சூப்பர்வைசர் அண்ணன்தான்.”

மூத்தவர் தேநீரைக் கலக்குகிறார். இன்னொரு ஆட்டம் தோற்றால் அணி போட்டியை விட்டே வெளியேறும் என்கிறார் இளையவர். நான் எழுகிறேன். மூத்தவரும் எழுகிறார்.

“ஞாயித்துக்கிழம ஷிப்ட்லேருந்து நாலு பேர விடுறேன், தம்பி. அப்பவும் தோத்தா கோச் மேலதான் தப்பு லா.”