நான் வாசிக்காத மருந்துப் புட்டி

ராணியைக் கொன்றவள் நான். ஊசியைப் போட்டவர் மருத்துவர். அதில் மருந்தை நிரப்பியது என் கை.

மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு சிறிய மருத்துவமனையில் நான் செவிலி. மருந்தை எடுக்கும்முன் புட்டியிலுள்ள பெயரையும் அளவையும் உரக்கப் படிக்க வேண்டும். எல்லாச் செவிலியருக்கும் அங்கே அதுதான் வழக்கம். எனக்கோ அது சுட்டது! கருங்குழிப் பக்கம் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்களின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள். "படிச்சுக் காட்டும்மா" என்று மருத்துவர் சொல்லும்போதெல்லாம், உனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்பதாகவே தோன்றும்...

அன்று படிக்கவில்லை. புட்டியைச் சரியாகப் பார்க்கவும் இல்லை.

குப்பத்துப் பெண் ராணிக்குப் பத்தொன்பது வயது. கண்ணாடி கிழித்துக் கெண்டைக்காலில் பெரிய காயம். மரத்துப்போவதற்கான ஊசியைச் சுற்றிலும் போட்டுத் தையலைத் தொடங்கினார் மருத்துவர்.

"அக்கா, காதுல வண்டு கத்துற மாதிரி கீது... நாக்கு தடிச்சிகினு வருது."

"கடல்காரப் பொண்ணு, இதுக்கே பேஜார் பண்றியே!" என்றேன். அவளும் சிரித்தாள்.

அந்த மருந்து உடலில் அளவு மீறினால் முதலில் அப்படித்தான் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன்... தேர்வில் எழுதியும் இருந்தேன்!

சற்று நேரத்தில் வலிப்பு. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பிறகுதான் புட்டியைப் பார்த்தேன். தொண்டையில் தெளிப்பதற்கென்று வைத்திருந்தது. நான்கு சதவீதம்; ஊசிக்கானதைவிட இரண்டு மடங்கு வீரியம்.

"ரெண்டு சதவீதம்தானே எடுத்தே?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஆமா சார்."

புட்டியைக் குப்பைக்குழியில் புதைத்தேன். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ராணியின் தாயிடம் சொன்னார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து அந்தத் தாய் மறுபடி வந்தாள். இளைய மகள் மாலாவின் உள்ளங்கையை மீன் அரியும் அரிவாள்மனை பிளந்திருந்தது. மாலா ஆறு மாதக் கர்ப்பிணி.

"மரத்துப்போற ஊசி மட்டும் வேணாம்மா. எங்க ரத்தத்துக்கு அது ஆவாது."

ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்! நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

ஏழு தையல். மரத்துப்போகாத கையில். மாலா துணியைக் கடித்துக்கொண்டு துடித்தாள்; மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தவள் நான்.

முடிந்ததும் தாய் என் கன்னத்தைத் தடவினாள். "நீ நல்லா இருக்கணும் தாயே. இவ வயித்துல கீற புள்ளைக்கும் இந்த ஊசி ஆவாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெக்கணும், இல்ல?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.